உடம்பு என்னுடையது, பூச்சு ராஜூ பிள்ளையுடையது

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மலாக்காவில் காஜா பெராங் சாலையின் குறுக்கே நின்ற வளைவு என் கையால் ஆனது. அதன் உச்சியில் இருந்த மூங்கில் புலி, காற்றடித்தால் தலையை ஆட்டும். ஆடும்படி கீல் வைத்தவன் நான். படக்கொட்டகை வாசலில் வாயைத் திறந்து மூடிய முதலையும் நான் செய்ததுதான். அதைப் பார்த்து ஓர் அம்மாள் கையில் இருந்த கடலைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார். புக்கிட் ரம்பாய் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குக் குதிரை வாகனம் செய்தேன். கல்யாண மேடைகளுக்குக் கணக்கில்லை.

இத்தனையும் செய்தவன் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்கு நகராட்சியில் சாக்கடை வாருகிற வேலை. உளி பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. தெங்கேராவில் ஒரு சீனரின் படகுப் பட்டறைக்கு மரத்தூள் அள்ளப் போனேன். அள்ளிக்கொண்டே பார்த்தேன், பார்த்ததைச் செய்தேன். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது, மீதியைக் கடைசல் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்தப் பாதி விரலோடு நான் செய்ததை முழு விரல் உள்ளவர்கள் செய்து காட்டட்டும். என் படிப்புக் காலம் இவ்வளவுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ராக்கெட் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் பத்து பெரெண்டாமில் ஒரு மண்டபத்தில், விண்வெளிக் கப்பல் பொம்மைகளைச் சேர்க்கிற இளைஞர்கள் கண்காட்சி வைத்தார்கள். ஜப்பானிலிருந்து வரவழைத்த கப்பல்கள், பெட்டியைப் பிரிக்காத கப்பல்கள், விளக்கெரிகிற கப்பல்கள். அவற்றின் முன்னால் நின்றுகொண்டு, கப்பல் படத்தில் வருகிற மாதிரியே இருக்க வேண்டுமா, நிஜமாகப் பறந்து வந்த மாதிரி அழுக்கும் கீறலுமாக இருக்க வேண்டுமா என்று சண்டை போட்டார்கள். தங்களோடுதான் அந்தச் சண்டை பிறந்தது என்று அவர்களுக்கு நினைப்பு.

மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என் ராக்கெட். சுற்றிலும் சிவப்புக் கயிறு. முன்னால் ஓர் அட்டை: ‘ராஜூ பிள்ளை, மலாக்கா.’ பெட்டிக்குப் பக்கத்தில் ராஜூ பிள்ளையின் பேத்தி கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் கிட்டப் போய்க் குனிந்தேன்.

“தாத்தா, கயிறுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க லா. கைபட்டா போச்சு,” என்றான் ஒரு பையன்.

என் கை படாத இடம் அந்த ராக்கெட்டில் எது என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் யாரோ அவனிடம் ஏதோ சொல்ல, அவனே ஓடி வந்து, “நீங்க ராஜூ பிள்ளையோட வேல செஞ்சீங்களாமே! எங்க கண்காட்சி மலர்ல அவரப் பத்தி எழுதிக் குடுங்க தாத்தா,” என்று கெஞ்சினான்.

அவரைப் பற்றியா? சரி, எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஹமீது நானாவின் பட்டறையில் வேலை செய்தோம். காஜா பெராங்கில் சாலையோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. கடைப் பலகைகள், கொட்டகை வாசல் ஜோடனைகள், வளைவுகள் எல்லாம் அங்கேதான் ஆகும். ஹமீது நானா யாரையும் வாயால் பாராட்டியதில்லை. வேலை பிடித்தால், “ஒரு தே ஓ போடச் சொல்லு,” என்று பால் இல்லாத தேநீர் வரவழைப்பார். பிடிக்காவிட்டால் சொங்கோக்கை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொள்வார். பட்டறையில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், தொப்பியைப் பார்ப்போம்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதற்கு ‘ரெண்டு பார்வை’ என்று பெயர். ஒரு படத்தில் வருகிற சாமானைச் செய்ய வேண்டுமென்றால், முதலில் ஓர் அட்டையில் திரை வடிவத்துக்கு ஓட்டை வெட்டிக்கொள்வார். கொட்டகையில் நடு வரிசையில் உட்கார்ந்து, கையை நீட்டி, அந்த ஓட்டைக்குள் திரை முழுதும் அடங்கும்படி பிடித்துப் பார்ப்பார். அந்தச் சாமான் ஓட்டையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். பட்டறைக்கு வந்து, நாங்கள் செய்ததை மேசைமேல் வைத்து, அதே கோட்டுக்குள் அது வந்து உட்காரும்வரை பின்னோக்கி நடப்பார். சில சமயம் சாலைக்கே போய்விடுவார், சைக்கிள்காரர்கள் மணி அடிப்பார்கள். அது முதல் பார்வை.

அப்புறம் அட்டையைச் சட்டைப் பையில் போடுவார். கண்ணாடியைக் கழற்றுவார். கிட்டப் பார்வைக்காரர் ஆனதால் மூக்கு வார்னிஷில் முட்டும். “நான் இப்ப இதுல ஏறணும். கால எங்க வைக்கிறது? கைய எங்க புடிக்கிறது?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்கிற ஒரு படியோ பிடியோ அங்கே இருக்க வேண்டும். இது இரண்டாம் பார்வை. இந்த இரண்டிலும் தேறினால்தான் தேநீர்.

ராஜூ பிள்ளை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த செட்டி கிராமத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்கள் அவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலாய்தான் பேச்சு. சாமி பேரும் பலகாரத்தின் பேரும்தான் தமிழில் வரும். பட்டறையில் அவர் பூச்சுக்காரர். நாள் முழுக்க வெள்ளிச் சாயத்தில் கைவிட்டாலும் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு விழாது. தூரிகைகளைப் பட்டுத் துணியில் சுற்றி வைப்பார். கொட்டகைக்கு டிக்கெட் வாங்க வந்த பெண்கள், ஏணியில் நிற்கிற அவரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறவன் நான். என்னை யாரும் பார்த்ததில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

தெங்கேராவில் ஒரு பாபா தௌக்கே இருந்தார், மலாய் பேசுகிற சீன முதலாளி. தாம் வாழ்நாளில் பார்த்த கப்பல்களையெல்லாம் சின்னதாகச் செய்யச் சொல்லிக் கண்ணாடி அலமாரியில் வைப்பது அவருக்குப் பைத்தியம். தொங்கான் என்கிற சரக்குப் படகு முதல் நீராவிக் கப்பல்வரை வைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய பித்தளைத் தகடு. அதில் கப்பலின் பெயர், செய்தவர் பெயர். ஒரு பெயர்தான் இருக்கும். நான் மரத்தூள் அள்ளிய பட்டறையின் சீனருக்கும் அந்த அலமாரியில் ஒரு தகடு இருந்தது. அதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து என் பெயரும் பித்தளையில் ஏற வேண்டும் என்று ஒரு நெருப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் தௌக்கே சிங்கப்பூரில் ஒரு படம் பார்த்துவிட்டு நேரே ஹமீது நானாவிடம் வந்தார். வெள்ளைக்காரர்கள் ராக்கெட்டில் ஏறி வேறு கிரகத்துக்குப் போகிற படம். அதுவும் ஒரு கப்பல்தான், தாமும் அதைப் பார்த்துவிட்டார், ஆகவே அதுவும் அலமாரிக்கு வேண்டும் என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் படத்தில் பார்த்ததேதான் என்று தோன்ற வேண்டும், கிட்டப் போனால் பொம்மை என்று தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை. அது தரையில் இறங்கி மூன்று காலில் நிமிர்ந்து நிற்கிற கோலத்தில் வேண்டும்.

படம் மலாக்காவுக்கு வந்ததும் நானா அட்டையோடு எங்கள் இருவரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

திரையில் ஆட்கள் எல்லாரும் புடலங்காய் மாதிரி இருந்தார்கள். தலை நீளம், கால் நீளம், இடுப்பு என்று ஒன்றுமே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், “மேல போறவங்கள இப்படித்தான் பட்டினி போட்டு எளைக்க வைப்பாங்களாம், பாரம் கொறையணும்ல,” என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். கொட்டகை முழுக்க அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. மலாக்காவில் நல்லபடியாகச் சாப்பிட்டு வளர்ந்த ஜனங்கள் அந்த ஒல்லி வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ராக்கெட்டும் ஊசிமாதிரி ஒல்லியாக நின்றது.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். அதே ராக்கெட் படுத்தவாக்கில் பறக்கும்போது குட்டையாகவும் குண்டாகவும் இருந்தது. அதே ஆள் கட்டிலில் படுத்தால் அவனும் குட்டை, அவனும் குண்டு. எழுந்து நின்றால் மறுபடியும் புடலங்காய்.

மறுநாள் பட்டறையில் சொன்னேன். “நானா, படத்துல என்னமோ கோளாறு. நிக்கிறதும் நெசம் இல்ல, பறக்குறதும் நெசம் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கு. அதான் கப்பல்.”

நானா மலாயில் ராஜூ பிள்ளையிடம் கேட்டார். ராஜூ பிள்ளை சிரித்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “மேலே போனால் வயிற்றில் காற்று ஏறும், உப்பும். இறங்கினால் காற்று போய்விடும். தௌக்கே நிற்கிற கப்பலைத்தானே கேட்டார்?”

“கப்பல் என்ன பலூனா?” என்றேன்.

“அட்ட பொய் சொல்லாது சன்னாசி,” என்றார் நானா. “நிக்கிறப்ப கோட்டுக்குள்ள எப்படி இருந்துச்சோ அப்படிச் செய். நீ பாக்காதத நீயா சேக்காத.”

ஒல்லியாகச் செய்தேன், செய்யச் சொன்னார்கள். ஆனால் ஜெலுத்தோங் மரத்தில் இன்னொரு கட்டையையும் எடுத்து, நடு அளவில் ஒன்றைக் கடைந்து, எல்லாரும் பார்க்கும்படி அலமாரித் தட்டில் வைத்தேன். ராஜூ பிள்ளை அதைத் தட்டிப் பார்த்து, “இனி கப்பல் கா, லாபு கா?” என்றார். இது கப்பலா, பூசணிக்காயா என்று அர்த்தம். அன்றிலிருந்து பட்டறையில் அதற்கு லாபு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தேநீர் கொண்டுவருகிறவன்கூட, “லாபு வெந்துருச்சாண்ணே?” என்று கேட்டான்.

ஒல்லிக் கப்பலுக்கு ராஜூ பிள்ளை வெள்ளி பூசினார். முதல் பார்வையில் கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நானா தேநீர் சொல்லிவிட்டார். தௌக்கே வந்தார். சுற்றி வந்தார். “இது எந்தக் கப்பல்?” என்று கேட்டார். “நான் சிங்கப்பூரில் பார்த்ததற்கு வயிறு இருந்தது. இதற்குக் காசநோய்.” தொடக்கூட இல்லாமல் போய்விட்டார்.

நானா சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆப்பரேட்டர் ஜேம்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஜேம்ஸு, படத்துல ஆளுங்க ஒல்லியா தெரிஞ்சாங்களே, அது ஏன்?”

“அகலப் படம் நானா அது. ஒடுக்கி எடுத்தத விரிச்சுக் காட்ட அதுக்குன்னு தனி லென்ஸ் இருக்கு. படப் பொட்டி வந்துருச்சு, லென்ஸ் சிங்கப்பூர்லயே நின்னுபோச்சு. நான் என்னா செய்றது, இருக்குற லென்ஸ்லயே ஓட்டுனேன்.”

“ஒருத்தரும் வந்து கேக்கலியா?”

“ஒருத்தரு கேட்டாரு. தன்னோட கண்ணாடிய மாத்தணுமான்னு.”

நானா சைக்கிளைத் திருப்பினார். பட்டறைக்குள் நுழைந்ததும் சொங்கோக்கை இழுத்து விட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார்: “அந்த லாபுவ எறக்கு.”

அந்தச் சொல்லை இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன். ராஜூ பிள்ளை தூரிகை கழுவுவதை நிறுத்தவில்லை, ஆனால் கழுவி முடித்த தூரிகையையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகு லென்ஸ் வந்தது. கொட்டகைக்காரர் படத்தை மறுபடியும் ஓட்டினார். நானா புது ஓட்டை வெட்டி, புதுக் கோடு போட்டு வந்தார். லாபுவை மேசையில் நிறுத்தி, பின்னோக்கி நடந்து நடந்து சாலையில் நின்று பார்த்தார். கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. “ஙாம்,” என்றார். சரியாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். என் முப்பது வருஷ வேலையில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே சொல்லும் அதுதான்.

ஆனால் அது வெறும் மரம். அதற்கு மேலேதான் உண்மையான சண்டை வந்தது. பிஸ்கெட் டின் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, படகுக்குப் பலகை அறைகிற மாதிரி உடம்பு முழுக்கப் போர்த்தினேன். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும், பின்பக்கத்திலிருந்து ஆணியால் அழுத்தி ரிவிட்டு வரிசை எடுத்தேன். ராஜூ பிள்ளை பார்த்துவிட்டு, படத்தில் கப்பல் முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக இருக்கிறது, இது அம்மை போட்ட கப்பல் என்றார். முட்டை ஓட்டில் ஏறி எவன் வேறு கிரகத்துக்குப் போவான் என்றேன் நான். நானா இரண்டு பார்வையும் பார்த்தார். தூரத்திலிருந்து புள்ளிகள் தெரிந்தன, தோற்றேன். கிட்டத்தில் நிஜமாக இருந்தன, ஜெயித்தேன். பட்டைகளை எல்லாம் பிரித்துவிட்டு, மழுங்கிய கிராமபோன் ஊசியால் மறுபடியும் அழுத்தினேன். இப்போது சாலையிலிருந்து பார்த்தால் முட்டை ஓடு. விரலை வைத்தால் ரிவிட்டு. படத்துக்கும் நிஜத்துக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று இன்றைக்கு அந்தப் பையன்கள் சண்டை போடுகிறார்களே, அந்த இடம் ஒரு கிராமபோன் ஊசியின் முனை அளவுதான். அதை நான் அன்றே கண்டுபிடித்துவிட்டேன்.

கதவுக்குக் கீழே ஏறுபடி வைத்ததும் நான். படத்தில் படியே கிடையாது, ஆட்கள் எப்படியோ கீழே வந்துவிடுவார்கள். கதவுக்குள் மடங்கிப் போகிற படியாக வைத்தேன். மூடினால் படம், திறந்தால் நிஜம். “இப்ப கால் வைக்க எடம் இருக்கு,” என்றார் நானா. மூன்று கால்களிலும் உள்ளே ஈயம் உருக்கி ஊற்றினேன். பாரம் தாங்குகிற கால் கொஞ்சம் அகன்றுதான் நிற்கும். படத்தில் நின்றதைவிட ஒரு நூல் அகட்டி வைத்தேன். அந்த ஒரு நூலை எந்த அட்டையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியில் மிச்சமிருந்தது கரி. நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்குகிற கப்பலின் அடியில் கரி இருக்க வேண்டாமா? படத்தில் இல்லை. இறங்கிய பிறகும் பளபளவென்றே நின்றது. நான் கரி வேண்டும் என்றேன், ராஜூ பிள்ளை கூடாது என்றார். நானா முதல் தடவையாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. “ரெண்டும் வேணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

ராஜூ பிள்ளை கப்பலைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். வெள்ளியை மெல்லிசாகப் பூசினார். அது காய்வதற்கு முன்பே ஒரு மண்ணெண்ணெய் விளக்கைப் புகையவிட்டு, அந்தப் புகை அடிப்பக்கத்தை நக்கும்படி கப்பலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் அதன்மேல் இன்னொரு வெள்ளி, தண்ணீர் மாதிரி. காய்ந்த பிறகு வாசலிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளி. மூக்கை வைத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் புகை ஓடியிருந்தது. அதை நான் செய்திருக்க முடியாது. இதை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

நானா வந்து இரண்டு பார்வையும் பார்த்தார். தேநீர் சொன்னார். அப்போது கப்பலுக்குப் பக்கத்தில் தூரிகையோடு நின்றவர் ராஜூ பிள்ளை. நான் பின்னால் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

தௌக்கே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கிட்ட வந்து, கதவைத் திறந்து, படியை இழுத்து, மறுபடியும் மூடினார். அடியில் இருந்த புகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “தகட்டுக்குப் பெயர் சொல்லுங்கள். செய்தது யார்?”

“ராஜூ பிள்ளை,” என்றார் நானா.

தௌக்கே போனதும் நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். “நானா, அது என் கப்பல். லாபு என் கப்பல்.”

“ஏன்பா சத்தம் போடுற? கடைப் பலகைல யாரு பேரு வருது? மரத்த அறுத்தவன் பேரா? எழுத்து எழுதுனவன் பேருதானே மூலைல இருக்கு. கடைசியா கை வைக்கிறவன் பேருதான் போகும். நம்ம பட்டற வழக்கம் உனக்குத் தெரியாததா?”

“இது பலகையா நானா? கப்பல். ரெண்டு பேரு போடக்கூடாதா?”

“தகடு சின்னது,” என்றார் நானா. சொங்கோக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ராஜூ பிள்ளை அங்கேதான் இருந்தார். தமிழ் புரியாது என்பார்கள். ‘லாபு’ என்ற சொல் புரியாதா? என் முகம் புரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூரிகையைப் பட்டுத் துணியில் சுற்றினார், வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு வந்த பெயரை மலாக்கா அறியும். தெங்கேராவிலிருந்து தௌக்கேக்கள் கார் அனுப்பினார்கள். அவர் தூரிகையால் தொட்டதெல்லாம் ‘ராஜூ பிள்ளை வேலை’ ஆயிற்று. என்னிடம் வந்தவர்கள், “ராஜூ பிள்ளைகிட்ட வேல செய்ற ஆளா நீங்க?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் வீட்டு வாசலில் மாவிலை புதிதாகக் கட்டியிருந்தால்கூட, அன்றைக்கு என்ன பாராட்டு வந்ததோ என்று எனக்கு வயிறு எரியும். கல்யாண மேடைகளில் நான் கிரீடம் மாதிரி செய்து வைத்த மரவேலையை ஜனங்கள் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு, “என்னா சாயம்!” என்பார்கள்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பசாரில் மீன் கடை முன்னால் அவரைப் பார்த்தேன். உடம்பு தளர்ந்திருந்தது. சட்டை அப்போதும் வெள்ளைதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாங், கப்பல் கீத்தா மசே அடா?” என்று கேட்டார். அண்ணே, நம்ம கப்பல் இன்னும் இருக்கா என்று.

நம்ம கப்பல். மீன்காரரைத் தவிர அங்கே யாரும் இல்லை, அவரும் மீன் வெட்டுவதிலேயே இருந்தார். ஊரார் மேடையேற்றி மாலை போட்டபோதெல்லாம் அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கவும் வரவில்லை. எனக்கு மட்டும், மீன் நாற்றத்துக்கு நடுவில் சொன்னார். “அடா,” என்றேன். இருக்கிறது. கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். ‘நம்ம’ என்று சொன்னதைக் கேட்ட சாட்சி இனி நான் ஒருவன்தான். என் சாட்சியத்தை நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

ஆகவே கண்காட்சி நடத்துகிற தம்பிகளே, ராஜூ பிள்ளையைப் பற்றி எழுதித் தரக் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி நான் கேட்பதை நீங்கள் செய்ய வேண்டும். அந்தப் பித்தளைத் தகடு சின்னது, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வைத்திருக்கிற அட்டை பெரியது. பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாகக் கிடப்பதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். அதில் எழுதுங்கள்: ‘உடம்பு, சன்னாசி, காஜா பெராங். பூச்சு, ராஜூ பிள்ளை, காஜா பெராங்.’ என் பெயர் முதலில் வர வேண்டும். உடம்பு வந்த பிறகுதான் பூச்சு வந்தது.

ராஜூ பிள்ளையின் வெள்ளி அங்கங்கே உரிய ஆரம்பித்திருப்பதை உங்கள் விளக்கு வெளிச்சத்தில் நானே பார்த்தேன். பூச்சு அப்படித்தான், யார் பூசினாலும். உரிந்த இடத்தில் என் ரிவிட்டு தெரிகிறது. பெட்டியைத் திறந்து விரலை வைத்துப் பாருங்கள். அப்படியே கொஞ்சம் தள்ளியும் பாருங்கள். எத்தனையோ வீடு மாறி, எத்தனையோ லாரியில் ஏறி வந்தும், அது இன்னும் மூன்று காலில் சாயாமல் நிற்கிறது. பூச்சா அதை நிறுத்தி வைத்திருக்கிறது?